இனிப்புக் கை

இறகுப்பந்துகளை முதல் நாளே ஆவியில் காட்டி வைத்தால் இறகு சீக்கிரம் ஒடியாது. சோறு வேகும் பானையின் மூடியைச் சற்று விலக்கி, அந்த ஆவியில் கொஞ்ச நேரம் பிடித்தால் போதும். ஒரு பந்து இரண்டு பந்தின் வேலையைச் செய்யும். எங்கள் அரங்கில் இதைச் செய்கிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும், மேடம். நான் எப்படிப்பட்டவள் என்பதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும் என்று நினைத்தேன். நீங்கள் எழுதி வைத்திருக்கும் வாக்குமூலத் தாளில் ‘ஆத்திரத்தில் நிதானம் இழந்து’ என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கு அனுகூலமாக இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் நான் நிதானம் இழக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதுங்கள்.

என் பெயர் ரத்ரி. மகெலாங் சந்தையில் தேங்காய் துருவிக் கொடுக்கும் கடை எங்களுடையது. அப்பா லாரி ஓட்டிக்கொண்டு கலிமந்தான் தீவுப் பக்கம் போனவர், போனவர்தான். ஒன்பது வயதில் என்னை ஓர் இறகுப்பந்துக் கிளப்பின் விடுதியில் சேர்த்தார்கள். எங்கள் சந்தையே பெருமைப்பட்டது. அப்போது என் தங்கை லிந்தாங் தவழ்ந்துகொண்டிருந்தாள். பெருநாள் விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவேன். வரும்போதெல்லாம் அவள் கொஞ்சம் உயர்ந்திருப்பாள். அவ்வளவுதான் அவளைப் பற்றி எனக்குத் தெரியும்.

விடுதியில் எங்கள் பயிற்சியாளர் தார்சோனோ. மரியாதையாகப் ‘பாக்’ என்று கூப்பிடுவோம். ஆட்டக்காரர்களை அவர் இரண்டே வகையாகப் பிரிப்பார். நிறைந்த கை, காலிக் கை. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரைக்கூட இப்படித்தான் சொல்வோம். வேறு ஊர்களில் மூளை என்பார்கள், பரம்பரை என்பார்கள். எங்களுக்குக் கைதான். கைக்குள் ஏதோ குடியிருக்கிறது, அல்லது இல்லை. இல்லாதவர்கள் என்ன செய்தாலும் வராது என்பது அவர் கட்சி. பயிற்சியால் வராதது எதுவுமே இல்லை என்பது என் கட்சி. மற்றப் பெண்கள் எழுந்து பல் துலக்குவதற்குள் நான் சுவரில் அடித்து வியர்த்திருப்பேன். வராத அடியைத் தனியாகப் பிரித்து, எங்கே பிசகுகிறது என்று பார்த்து, அதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வேன். பதினேழு வயதில் அவர் என்னை அழைத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்.

“ஒன்ன மாதிரி ஒழைக்கிற புள்ளைய நான் பாத்ததே இல்ல, ரத்ரி. ஆனா கை காலிம்மா. வெறும் பானைய எம்புட்டு நேரம் அடுப்புல வச்சாலும் சோறு ஆகுமா? அடுப்பு நல்ல அடுப்புதான்.”

“அரிசி போடுறதுதானே பாக் பயிற்சி?”

“வாய் மட்டும் நெறஞ்சிருக்கு” என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்தேன். நகர அரங்கில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. கூப்பிட்ட போட்டிகளில் ஆடினேன். அவர் சொன்னது எனக்கு வலித்தது, மேடம். சொல்லக் கூச்சமில்லை. சாப்பிடும்போதுகூட என் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லிந்தாங் பன்னிரண்டு வயதுவரை ராக்கெட்டைத் தொட்டதில்லை. ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், ஓரத்தில் கிடந்த ராக்கெட்டை எடுத்துக் கரண்டி பிடிப்பதுபோலப் பிடித்தாள். நான் பிடியைத் திருத்தினேன். திருத்திய பிடியில் அவள் தட்டிய பந்து வலையின் விளிம்பை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் சரிந்து விழுந்தது. அந்த ஒரு தட்டலுக்காக நான் ஒரு மழைக்காலம் முழுவதையும் செலவழித்திருந்தேன்.

“எப்படிடி போட்ட?”

“தெரியலக்கா. அங்க விழுந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு.”

அதற்குப் பிறகு அவள் சோற்றுப் பாத்திரத்தோடு வருவாள், ஆடுவாள், போவாள். சுவரில் அடிக்கச் சொன்னால் அடிக்க மாட்டாள். சலிப்பாக இருக்கிறதாம். மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு சுண்டுவாள். நான் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருப்பேன். இரண்டு வருடத்தில் செய்தி எட்டி, பாக் தார்சோனோவே எங்கள் அரங்குக்கு வந்துவிட்டார். பழக்கடையில் பழம் பார்ப்பதுபோல அவளுடைய வலக்கையை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

“நெறஞ்ச கை. ரத்ரி, உங்க வீட்ல பங்கு பிரிச்சப்போ ஒன்ன மறந்துட்டாங்க போலிருக்கே!”

எல்லாரும் சிரித்தார்கள். லிந்தாங் மட்டும் சிரிக்கவில்லை. கையை இழுத்துக்கொண்டாள்.

நான் பொறாமைப்படவில்லை. யோசித்தேன். திறமை கையில்தான் இருக்கிறது என்றால், அவளுடைய இன்னொரு கை காலியாகத்தானே இருக்க வேண்டும்? ஒரே பெண். ஒரே கண், ஒரே கால், ஒரே சாப்பாடு. ஒரு கை நிறைந்தது, ஒரு கை காலி. அந்தக் காலிக் கையை ஒன்றுமில்லாததிலிருந்து பழக்கி, வலது கை தொட்ட உயரத்தையே தொடவைத்தால், அதற்குப் பிறகு எந்தப் பயிற்சியாளரும் எந்தக் குழந்தையையும் பார்த்துக் காலிக் கை என்று சொல்ல முடியாது. இதைவிடச் சுத்தமான பரிசோதனையை யாரும் யோசித்திருக்க முடியாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

முதலில் நயமாகத்தான் கேட்டேன்.

“கொஞ்ச நாளைக்குப் பீச்சாங்கையால ஆடிப் பாரேன்.”

“ஐயோ, அம்மா கொன்னே போட்டுடும்” என்று சிரித்தாள்.

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். வலது கை இருக்கும்வரை அவள் இடது கையைப் பழக்க மாட்டாள் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. யாராக இருந்தாலும் அப்படித்தான். அதில் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் கடை இயந்திரம் சந்தையில் எல்லாக் கடையிலும் இருப்பதுதான். ஓர் உருளை, அதில் பற்கள், பக்கத்தில் மோட்டார், தூணில் சுவிட்ச். உருளையில் நார் சிக்கினால் மோட்டாரை நிறுத்திவிட்டு விரலால் பிடுங்க வேண்டும். பள்ளி விடுமுறையில் அது லிந்தாங்கின் வேலை. சுவிட்ச் பக்கம் நிற்பது என் வேலை. பெருநாள் நெருங்கும்போது சந்தையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும்.

பழகாமல் எதையும் செய்வது எனக்குப் பிடிக்காது. கடையில் நான் மட்டும் இருந்த நேரங்களில் உருளையில் ஒரு கொட்டாங்கச்சியைச் சாய்த்து வைத்து, சுவிட்சைப் போட்டு, உடனே நிறுத்திப் பார்த்தேன். ஆரம்பத்தில் நேரம் தப்பியது. கொட்டாங்கச்சி தெறித்து விழுந்தது, அல்லது முழுக்க அரைபட்டுப்போனது. எனக்கு வேண்டியது அவள் விரல்கள்தான், அவள் அல்ல. அம்மாவுக்குச் சந்தேகம் வராமல் இருக்க, மோட்டார் இழுக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். போகப் போகக் கை பழகிவிட்டது. நீங்கள் ஆத்திரம் என்று எழுதியிருப்பது இதைத்தான், மேடம்.

பெருநாளுக்கு முந்தின வாரம். தூறல். மின்சாரம் போயிருந்தது. அம்மா தேங்காய்ப் பால் வாங்க வந்தவளோடு பேசிக்கொண்டே வெளியே போயிருந்தாள். உருளையில் நார் அடைத்திருந்தது.

“அக்கா, சுவிட்ச ஆஃப் பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன்.”

பண்ணியிருந்தேன். அதில் பொய்யில்லை. அவள் விரல்களை உள்ளே விட்டு நாரைப் பிடுங்க ஆரம்பித்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எதிரே கோழிக்கடையில் விளக்கு எரிந்தது. “வந்துருச்சு, வந்துருச்சு!” என்று கோழிக்கடைக்காரர் குரல் கொடுத்தார். நான் சுவிட்சைப் போட்டேன். பிறகு நிறுத்தினேன். வழக்கமான சத்தம்தான் வந்தது. தேங்காய்க்கும் அதே சத்தம்தான் வரும்.

வலக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. மற்றவை மடங்காது என்று மருத்துவர் சொன்னார். அம்மா மருத்துவமனை வராந்தாவில் என் தோளைப் பிடித்து உலுக்கி, சுவிட்சைப் போட்டு வைத்தது யார் என்று கத்தினாள். கட்டிலில் கிடந்த லிந்தாங்குக்கு அது கேட்டுவிட்டது.

“அக்காவத் திட்டாதம்மா. நான்தான் போட்டது. கரண்டு இல்லயேன்னு மறந்துட்டேன்.”

என் ஞாபகப்பிசகு என்று நினைத்து, என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அவளைத் திட்டத் தொடங்கினாள். அவள் என்னைப் பார்த்து, “அழாதக்கா” என்றாள். நான் அழவில்லை. வெங்காய மண்டி வழியாக ஓடிவந்ததில் கண் கலங்கியிருந்தது. அவள் சொன்ன பொய் எனக்குச் சௌகரியமாக இருந்தது, அதனால் நான் ஒன்றும் பேசவில்லை.

அதன் பிறகு நான் செய்தவற்றையும் எழுத வேண்டும். அவளுக்குத் தலைவாரிவிட்டேன். காலணி நாடா கட்டிவிட்டேன். ஊட்டிவிட்டேன். ராத்திரி வலி வந்தால் மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். கட்டுப் பிரித்ததும் அரங்குக்கு அழைத்துப் போய் இடக்கையில் ராக்கெட்டைக் கொடுத்தேன்.

“எதுக்குக்கா இதெல்லாம்? எல்லாம்தான் போச்சே.”

“சும்மா இருக்கிறதுக்கு ஆடு.”

இடக்கையின் பிடி முதல் நாளே சரியாக இருந்தது. நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. என் சொல்லிக்கொடுக்கும் முறை அவ்வளவு முதிர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். இந்த முறை அவள் சுவரில் அடிக்கச் சொன்னால் அடித்தாள். போதும் என்று நான் சொன்னால்தான் நிறுத்துவாள். கூடை கூடையாகப் பந்து போட்டுக்கொடுத்தேன். என் சொந்தப் போட்டிகளை விட்டேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையும் அம்மா மூலமாகத் திருப்பி அனுப்பினேன். அவளுடைய இடக்கைப் பந்து முதல்முறையாக வலை விளிம்பை உரசிச் சரிந்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் அதற்கு முன்னும் பின்னும் எனக்குக் கிடைத்ததில்லை. அவளும் ஓடிவந்து அந்த மூளிக் கையால் என்னைக் கட்டிக்கொண்டாள்.

“நீ இல்லன்னா நான் தேங்காக் கடையிலயே கெடந்திருப்பேங்க்கா” என்றாள்.

போன மாதம் மாகாணப் போட்டியில் ஜெயித்தாள். தேசிய முகாமுக்கு அவளை எடுத்துக்கொள்வதாக பாக் தார்சோனோவே வந்து சொன்னார். அவர் வாயால் அதைக் கேட்க வேண்டும் என்றுதான் நான் இத்தனை வருடம் காத்திருந்தேன். அம்மா மஞ்சள் சோறு ஆக்கிக் கூம்பாகக் குவித்து வைத்தாள். சோயா டெம்பே பொரித்தாள். பாயில் நாங்கள் நாலு பேர்தான். லிந்தாங் இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆண்டவன் இந்தப் புள்ளைக்கு ரெண்டு கையிலயும் அள்ளிக் குடுத்திருக்கான்” என்றார் பாக் தார்சோனோ. “இதுவும் நெறஞ்ச கைதான்.”

“இல்ல பாக். இது காலிக் கை. நான் நெரப்புனது.”

“அப்படி நெரப்பத் தெரிஞ்சவ மொதல்ல ஒன் கைய நெரப்பியிருக்க மாட்டியா?”

“பயிற்சியால வந்ததுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்.”

“சொன்னாப் பொய்யாயிடும்மா.”

அம்மா குறுக்கே புகுந்தாள். “சாப்பாட்டு நேரத்துல என்ன சண்ட? அது அவ கூடப் பொறந்த கைதானே.”

“கூடப் பொறந்ததுன்னா?”

“இவ பீச்சாங்கைக்காரிடி. ஒனக்குத் தெரியாதா? தவழுறப்பவே எல்லாத்துக்கும் எடக்கைதான் முன்னால வரும். கடையில உக்காந்துக்கிட்டு வாடிக்கக்காரங்களுக்குப் பொட்டலத்த பீச்சாங்கையால நீட்டுனா எவ வாங்குவா? இனிப்புக் கையக் குடு, இனிப்புக் கையக் குடுன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். கேக்கல. எடது சட்டக் கைய ஊசி நூலால தச்சு மூடிட்டேன்.”

எங்கள் வீடுகளில் குழந்தைகளுக்கு வலது கையை இனிப்புக் கை என்றுதான் சொல்லிக்கொடுப்போம். என்னையும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்தாள்.

“அப்புறம்?” என்றேன்.

“அப்புறம் என்ன. கொட்டாங்கச்சிய எல்லாம் அந்த மூலைச் சாக்குல வீசுடின்னு உக்கார வச்சேன். இனிப்புக் கையால. ஒண்ணு கூட உள்ள விழாது. அழுவா, வீசுவா. கீழ விழுந்தத எடுத்துட்டு வந்து மறுபடி வீசுடிம்பேன். பள்ளிக்கூடம் சேக்குற வரைக்கும் இவளுக்கு அதான் வேல. கடைசில என்னோட பேசிக்கிட்டே, பாக்காமலே சுண்டுவா, நேரா சாக்குக்குள்ள போயி விழும். நீ அப்ப விடுதியில இருந்த.”

“எனக்கு அழுதது மட்டும் ஞாபகம் இருக்கு” என்றாள் லிந்தாங். பாக் தார்சோனோ சிரித்தார்.

நான் சோற்றைப் பிசைந்தபடி அதை யோசித்தேன். அந்த மணிக்கட்டுச் சுண்டு. யாரும் சொல்லித்தராமல் வந்தது என்று எல்லாரும் வியந்த சுண்டு. எங்கள் வீட்டிலேயே மிக நீண்ட, மிகப் பிடிவாதமான பயிற்சி என்னுடையது அல்ல. அந்த வலக்கையினுடையது. என் கட்சிக்கு உலகத்தில் இருந்த ஒரே நல்ல சாட்சி அது. நான் ஒன்றுமில்லாததிலிருந்து உருவாக்கியதாக நினைத்த இடக்கைதான் அவள் பிறக்கும்போதே கொண்டுவந்தது. எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. டெம்பே நன்றாக மொறுமொறுப்பாக இருந்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

“அப்படின்னா நான் தப்பான கைய எடுத்துட்டேன்” என்றேன்.

வாய்விட்டுச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கில் பிசகைக் கண்டுபிடித்தவர்கள் சொல்வதுபோலத்தான் சொல்லியிருப்பேன். பாக் தார்சோனோ மெல்லுவதை நிறுத்தினார். லிந்தாங் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

“அன்னிக்கு நான் ஒன்னக் கேட்டேன்ல, அக்கா. ஆஃப் பண்ணிட்டியான்னு.”

“பண்ணியிருந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் போட்டேன்.”

அம்மா ஒன்றும் காதில் விழாதவள்போலப் பரிமாறிக்கொண்டே இருந்தாள். நிறைந்த தட்டிலேயே மேலும் மேலும் சோறு வைத்தாள், அது பாயில் சிந்தியது. “வெளையாட்டுக்குச் சொல்றாம்மா, வெளையாட்டுக்குச் சொல்றா” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். லிந்தாங் எழுந்தாள். மூளியான கையை மறு கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், மழைக் குளிரில் அது வலித்தால் அப்படித்தான் செய்வாள்.

“இந்தக் கையும் நீ நெரப்புனதுன்னு சொன்னல்ல,” என்றாள். “எனக்கு வேணாம்க்கா. நீயே வச்சிக்க.”

அதற்குப் பிறகு உங்கள் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியது அவள்தான். நான் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை இழுத்துவர வேண்டியிருக்கவில்லை. முகாமுக்கு அவள் போகப்போவதில்லை என்று கேள்விப்படுகிறேன். ராக்கெட்டையும் யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். பழக்கம் விட்டுப்போனால் எந்தக் கையும் மறந்துவிடும், யாராவது அவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. ஒரு பரிசோதனை செய்கிறவள் முதலில் விசாரித்திருக்க வேண்டும். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அந்த வலக்கை இன்று நன்றாக இருந்திருக்கும். இடக்கையைப் பற்றித்தான் அப்போது நான் யோசித்திருப்பேன். அந்தக் கவனக்குறைவு என்னுடையது, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

பொறாமையா என்று இரண்டாம் தடவையும் கேட்கிறீர்கள். பொறாமைக்காரி யாராவது தலைவாரிவிடுவாளா? நாடா கட்டிவிடுவாளா? கூடை கூடையாகப் பந்து போட்டுக்கொடுப்பாளா? நான் எனக்காக எதுவும் கேட்டதில்லை, மேடம். வலக்கையானாலும் இடக்கையானாலும் அவளிடம் நான் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை எழுத வேண்டாம்.